பாயலின் கண்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் பழைய இராஜபாட்டையிலே நெய்யாற்றின்கரையைத் தாண்டிப் பாறசாலையை அடைந்து, அங்கிருந்து சிறிது தூரத்தில் களியக்காவிளையில் தமிழ்நாட்டு எல்லைக்குள் பிரவேசிக்கும் பிரயாணி, தான் ஒரு ராஜ்யத்தை விட்டு மற்றொரு ராஜ்யத்துக்குள் வந்துவிட்டதைச் சோதனைச் சாவடியைக் கொண்டும் கடைப் பலகைகளின் எழுத்தைக் கொண்டும் அறிவானேயன்றி, மண்ணையோ மரத்தையோ மனிதர் பேச்சையோ கொண்டு அறிய மாட்டான். இருபுறமும் அதே செம்மண் மேடு. அதே தென்னை, வாழை, மரச்சீனி. இருபுறத்தாருக்கும் தண்ணீர் ‘வெள்ளம்’தான். அந்த வெள்ளத்தின்மேல் படரும் பச்சையை ஒரு வீட்டார் பாசி என்பர். வேலிக்கு அப்பால் அடுத்த வீட்டார் பாயல் என்பர். எல்லைப் புறத்துக் கிராமங்களின் சரித்திரத்தை எழுத வருகிறவர்கள் கோயிலையும் போரையும் மகாராஜாக்களையும் கொண்டு எழுதுவது வழக்கம். மார்த்தாண்டவர்மர் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் பலாமரம் நெய்யாற்றின்கரையில் இருப்பதால் அவ்விதம் எழுதுவதற்கு ஆதாரமும் உண்டு. நானோ, படித்துறையில் கால் வழுக்கச் செய்யும் அந்தப் பாயலைக் கொண்டு எழுத முற்படுகிறேன்.

மேடும் பள்ளமுமாக அலையலையாய் இறங்கும் இந்தப் பூமியில் பள்ளத்தின் அடியில் ஏலா என்னும் வயற்பரப்பும், ஏலாவின் தலைமாட்டில் ஒரு குளமும் இருப்பது பழைய அமைப்பு. மேட்டில் பெய்த மழை கசிந்து ஊறிக் குளத்தில் தங்கும். குளம் வயலுக்குப் பாயும். மனிதருக்குக் குளிக்கவும், துணி துவைக்கவும், மாடு கழுவவும், மீன் பிடிக்கவும், சில சமயம் வழக்குப் பேசவும் அதுவே இடம். கோடையில் வெள்ளம் தாழ்ந்ததும் ஊரார் கூடிச் சேற்றை வாரி வயலிலும் தென்னைமூட்டிலும் இடுவர். படிகளில் பிடித்திருக்கும் பாசியைத் தேங்காய்த் தொண்டினால் தேய்த்துக் கழுவுவது மாதந்தோறும் நடக்கும் காரியம். நடவாமல் விட்ட மாதத்தில் யாராவது ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவார். பாசி என்பது அழுக்கு, அகற்ற வேண்டியது, அவ்வளவே என்பதுதான் அந்தக் காலத்து அபிப்பிராயம். இந்தக் காலத்து அபிப்பிராயமும் அதுவே.

ஆயினும் குளத்தை நாள்தோறும் கண்டவர்கள் சில விசேஷங்களைக் கவனியாமல் இருந்ததில்லை. காலையில் குடத்தைத் தாழ்த்துகிறவள், பச்சை ஏடு எந்தக் கரையோரம் ஒதுங்கி நிற்கிறதென்று பார்த்து, ஒதுங்காத பக்கத்தில் மொள்ளுவாள். காற்று ஒதுக்கியது என்பார்கள். காற்றில்லாத நாளிலும் அது ஒதுங்குவதைப் பற்றிக் கேட்டால் பதில் வராது. இதைவிட ஆச்சரியமான காட்சி ஒன்று உண்டு. சாணமும் சருகும் ஊறிய சில குளங்களில், கோடை முற்றியிருக்கும் நாட்களில், விடியற்காலத்தில் பச்சையாய்க் கிடந்த ஏடு வெயில் ஏற ஏறச் செங்கல் நிறம் பெற்று, உச்சிப்பொழுதில் குங்குமம் கரைத்ததுபோல் ஆகி, சாயங்காலத்தில் மறுபடியும் பச்சையாகிவிடும். இதைக் கண்டு கொடை கேட்கும் தெய்வத்தின் குறி என்றும், அகால மரணம் நேர்ந்த இடம் என்றும் பயந்து ஒதுங்கியவர் உண்டு. பயப்படாதவர்கள் மாட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்துக் குளத்தில் கழுவினார்கள்.

குளத்தின் சரித்திரத்தைச் சொல்லும்போது, அதில் யார் கால் நனைக்கலாம், யார் நனைக்கலாகாது என்னும் சரித்திரத்தை விட்டுவிட முடியாது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் மேல் ஜாதியார் இறங்கும் குளத்தில் மற்றவர் இறங்குவதென்பது நினைக்கவும் கூடாத காரியமாக இருந்தது. அந்தக் கட்டு அவிழத் தொடங்கியதும் இந்த நெய்யாற்றின்கரைத் தாலுகாவில்தான். 1888-ஆம் ஆண்டில் அருவிப்புறத்தில் ஸ்ரீ நாராயண குரு நெய்யாற்றுக்குள் மூழ்கி ஒரு கல்லை எடுத்துவந்து, அதையே சிவமாகப் பிரதிஷ்டை செய்தார். ஆற்றில் கிடந்த கல்லாதலால் அதில் கொஞ்சம் பாசியும் இருந்திருக்க வேண்டும் என்று எண்ணுவதில் எனக்கு ஒரு சந்தோஷம். 1893-இல் வெங்ஙானூர் அய்யன்காளி, தம் இனத்தாருக்கு விலக்கப்பட்டிருந்த பொது வழியில் வில்லுவண்டி பூட்டி ஓட்டினார். சமஸ்தானக் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டது 1936 நவம்பர் 12-ஆம் தேதி பிறந்த பிரகடனத்தினால். அதுவரை எந்தக் குளத்திலும் அனுமதி கேளாமல் பிரவேசித்து வந்தது பாயல் ஒன்றே.

நெய்யாறு பிறப்பது அகஸ்திய மலையில். கடல் மட்டத்துக்கு ஆறாயிரம் அடிக்குமேல் நிற்கும் அந்தச் சிகரத்தில், 1855-இல், திருவனந்தபுரத்து வானசாஸ்திர நிலையத்தின் தலைவராயிருந்த ஜான் ஆலன் பிரௌன் என்பவர் ஒரு காந்த ஆராய்ச்சிக் கூடத்தை நிறுவினார். அந்த நிலையம் சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் ஏற்படுத்தியது. காந்த ஊசி வடக்கு நோக்கி அசையாமல் நிற்பதாகவே நாம் எண்ணுகிறோம்; உண்மையில் அது சூரியனுடைய தினசரி கதிக்கு இசைந்து, கண்ணுக்குத் தெரியாத அளவில், காலையில் ஒருபுறமும் பிற்பகலில் மறுபுறமுமாகச் சாய்ந்து மீள்கிறது. அந்தச் சலனத்தை மலை உச்சியிலும் கீழே திருவனந்தபுரத்திலும் ஒரே காலத்தில் அளந்து ஒப்பிடுவது பிரௌனின் நோக்கம். காட்டு வழியே கருவிகளைச் சுமப்பித்து, மழையிலும் குளிரிலும் அவர் இவ்விதம் சூரியனுக்கு அசையும் ஊசியைக் காத்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில், மலையின் கீழே பாறசாலைப் பக்கத்துக் குளங்களில், அதைவிடத் துல்லியமாகவும் அதைவிட வேகமாகவும் சூரியனுக்கு அசையும் கோடானுகோடி ஊசிகள் நீந்திக்கொண்டிருந்தன. அவற்றை அளப்பதற்கு யானைக் காட்டைக் கடக்க வேண்டியதில்லை. ஒரு துளி குளத்து வெள்ளமும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும்.

பூதக்கண்ணாடி வேறு தேசத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. ஹாலந்து தேசத்து லேவன்ஹூக், துணி வியாபாரம் செய்தவர், தம் கையாலேயே தேய்த்த சிறு லென்சுகளின் வழியாகப் பார்த்து, நீரில் உருண்டு செல்லும் பச்சைக் கோளங்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். உருளும் தன்மையை வைத்து லின்னேயஸ் 1758-இல் அதற்கு வால்வாக்ஸ் என்று பெயரிட்டார். நூற்றுக்கணக்கான, சில இனங்களில் ஆயிரக்கணக்கான, சிற்றறைகள் ஒரு பாகு உருண்டையின்மேல் பதிந்து, ஒவ்வொன்றும் இரண்டு நுண்சாட்டைகளை அசைக்க, உருண்டை முழுவதும் தேர்போல் ஒரு திசையில் செல்லும். அந்தத் திசை பெரும்பாலும் வெளிச்சத்தின் திசை. இந்தத் தேருக்கு வடம் பிடிப்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. முன்பக்கத்தாருடைய புள்ளி பெரிது, பின்பக்கத்தாருடையது சிறிது.

அந்தப் புள்ளி என்ன? பெர்லினில் இருந்த எஹ்ரன்பெர்க் அதைக் கண் என்றார். நுண்ணுயிர்களுக்கு நம்மைப்போலவே சகல அவயவங்களும் உண்டு என்பது அவருடைய சித்தாந்தம். 1838-இல் அவர் வெளியிட்ட பெருநூலின் பெயரிலேயே அவற்றைப் ‘பூரணமான உயிர்கள்’ என்று அழைத்தார். யூக்ளீனா என்று அவர் ஓர் உயிருக்கு இட்ட பெயருக்கு நல்ல கண்ணுடையது என்பது பொருள். நம் குளத்தை உச்சிப்பொழுதில் சிவக்க வைப்பது அந்த யூக்ளீனா குலத்தில் ஒன்று. அதன் உடலுக்குள் பச்சைப் பொருளோடு செந்நிறமான மணிகளும் உண்டு. வெயில் கடுமையாகும்போது அம்மணிகள் உடலின் மேற்பரப்புக்கு வந்து பச்சையை மூடுகின்றன. வெளிச்சம் குறையும்போது உள்ளே ஒடுங்கிப் பச்சையை வெளியே விடுகின்றன. குடை விரிப்பதும் மடக்குவதும்தான் இது. தெய்வக் குறி என்று பயந்த பெரியவர்களைப் பரிகசிக்க எனக்கு மனமில்லை. காரணம் அவர்களுக்குத் தெரியவில்லையே தவிர, நிறம் மாறியதை அவர்கள் பார்த்தார்கள்.

எஹ்ரன்பெர்க்கின் சித்தாந்தம் நிலைக்கவில்லை. கண் என்ற வார்த்தை மாத்திரம் நிலைத்தது. 1878-இல் ஸ்ட்ராஸ்புர்கர் என்ற தாவர சாஸ்திரி, நீந்தும் பாசி வித்துகள் வெளிச்சத்தை நாடிச் செல்வதையும், வெளிச்சம் மிகுந்தால் விலகி ஓடுவதையும் விரிவாக ஆராய்ந்து அந்த இயக்கத்துக்குத் தனியே ஒரு பெயர் கொடுத்தார். 1882-இல் எங்கெல்மான் மிக அழகிய ஒரு பரிசோதனை செய்தார். நீந்திச் செல்லும் யூக்ளீனாவின்மேல் ஒரு நிழலை மெல்ல விழச் செய்தார். வால்புறத்தில் நிழல் விழுந்தபோது அது கவலைப்படவில்லை. நடுவுடலில் விழுந்தபோதும் கவலைப்படவில்லை. தலைப்புறம் தீண்டப்பட்டதும் திடுக்கிட்டுத் திரும்பியது. ஆனால் திரும்பியது சிவப்புப் புள்ளியை நிழல் எட்டிய பிறகு அன்று. புள்ளிக்கும் முன்னால் உள்ள நிறமற்ற பகுதியில் நிழல் பட்டவுடனேயே. ஆகவே ஐம்பது வருஷமாகக் கண் என்று போற்றப்பட்ட புள்ளி கண் அன்று. அது கண்ணுக்குப் பக்கத்தில் நிறுத்திய தட்டி. பார்ப்பது வேறு ஏதோ ஒன்று.

இந்த ஆராய்ச்சியெல்லாம் குளிர்தேசத்துக் குட்டைகளில் நடந்தவை. நம் தேசத்துக் குட்டைகளுக்கு ஒருவர் வேண்டியிருந்தது; அவர் சென்னையில் பிறந்தார். மண்டயம் ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் 1886-இல் பிறந்து, இராஜதானிக் கல்லூரியில் தாவர சாஸ்திரம் பயின்று, 1920-இல் அங்கேயே பேராசிரியராகி, லண்டனில் ஃப்ரிட்ஷ் என்னும் பாசியியல் மேதையிடம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்து திரும்பியவர். பாசியை ஒரு சாஸ்திரமாக இந்தியாவில் நிலைநாட்டியவர் என்று அவரைச் சொல்லுவது உபசார வார்த்தை அன்று. மழை பெய்து ஓய்ந்தவுடன் சாலையோரத்துக் குட்டையை நாடுகிறவன் தவளை பிடிக்கும் சிறுவன் என்றே உலகம் எண்ணும். அந்தக் குட்டைகளிலிருந்து ஐயங்கார் கண்டெடுத்தவை பல. மழைநீர் வற்றிய ஈரவண்டலில் வளரும் ஒரு விசித்திரப் பாசியை 1932-இல் விவரித்து, தம் ஆசிரியர் நினைவாக ஃப்ரிட்ஷியெல்லா என்று பெயரிட்டார். மண்ணுக்குள் வேர்போல் ஊன்றி மேலே கிளைக்கும் அந்தப் பாசி, நீரிலிருந்து நிலத்துக்குத் தாவரங்கள் ஏறிய வழியைப் பற்றிச் சிந்தித்தவர்களால் நெடுங்காலம் பேசப்பட்டது. மறு ஆண்டில் தென்னிந்தியாவின் கூட்டுப் பச்சைப்பாசிகளைப் பற்றி லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் ஐம்பது பக்கம் எழுதினார். வால்வாக்ஸும் அதன் சுற்றத்தாரும், யூடோரினா இண்டிகா போன்று இத்தேசத்தின் பெயரையே தாங்கியவையும், அதில் இடம்பெற்றன.

அந்தக் கட்டுரையின் விஷயம் வெளிச்சம் அன்று. உருவமும் பிறப்பும் வாழ்க்கைச் சுற்றும்தான். ஆனால் ஒரு உயிர் என்ன உயிர், அதற்கு எத்தனை சாட்டை, புள்ளி எங்கே, மகவு எவ்விதம் பிறக்கிறது என்று திட்டமாகத் தெரியாத வரையில் அது எப்படிப் பார்க்கிறது என்று கேட்பது வீண். இதனோடு, நம் ஊர்க் குளங்களுக்கு நேராகப் பொருந்தும் ஒரு விஷயமும் உண்டு. குட்டை வற்றும்போது வால்வாக்ஸ் அழிந்துவிடுவதில்லை. தடித்த ஓடும் செம்மஞ்சள் நிறமும் கொண்ட கருவாகி, காய்ந்த சேற்றில் மாதக்கணக்கில் உறங்கி, அடுத்த மழையில் பிளந்து நீந்துகிறது. கோடையில் குளம் வாரித் தென்னைமூட்டில் இட்ட சேற்றோடு எத்தனை வால்வாக்ஸ் மூட்டை மூட்டையாகக் கரையேறியிருக்கும்! ஐயங்கார் 1962-இல் உருவான இந்தியப் பாசியியல் சங்கத்தின் முதல் தலைவராகி, மறு ஆண்டில் காலமானார். அவர் தம் மாணவர் தேசிகாசாரியாருடன் சேர்ந்து தயாரித்த வால்வாக்ஸ் குலத்துப் பெருநூல் 1981-இல்தான் அச்சேறியது.

பார்ப்பது எது என்ற கேள்விக்கு விடை வர எங்கெல்மானுக்குப் பின் நூறு வருஷம் ஆயிற்று. கிளாமிடோமோனஸ் என்னும் ஒற்றையறைப் பாசி, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு நீளமுள்ளது, இரண்டு சாட்டைகளால் நீச்சலடிக்கும்போது தன் அச்சில் வினாடிக்குச் சுமார் இரண்டு சுற்றுச் சுற்றுகிறது. நெய்யாற்றின்கரைக்கு மேற்கே கடலோரம் விழிஞ்ஞத்தில் உள்ள கலங்கரை விளக்கத்தில் விளக்கு சுழலும், பார்ப்பவன் நிற்பான். இங்கே விளக்கு நிற்கிறது, பார்ப்பவன் சுழலுகிறான். இதன் புள்ளி உடலின் பக்கவாட்டில் இருப்பதால், வெளிச்சத்துக்குக் குறுக்காகச் செல்லும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை பளிச்சென்றும் ஒரு முறை இருளாகவும் தோன்றும். பளிச்சிடும் ஒவ்வொரு கணத்திலும் சாட்டை இரண்டில் ஒன்று சற்று அழுத்தமாகவும் மற்றொன்று சற்றுத் தளர்ந்தும் வீசுகின்றன, உடல் திரும்புகிறது. வெளிச்சத்துக்கு நேராகத் திரும்பிவிட்ட பிறகு பளிச்சும் இருளும் மாறி மாறி வாரா. ஆகையால் திருப்பமும் நின்றுவிடுகிறது. துடுப்பு இரண்டையும் ஒரே பலத்தோடு போடுகிற வள்ளக்காரன்போல் அது நேரே செல்லுகிறது. புள்ளியில் அடுக்கடுக்காய் உள்ள செம்மணிகள் முதுகுப்புறத்து வெளிச்சத்தை மறைப்பதோடு, முன்புறத்து வெளிச்சத்தைக் கண்ணாடிபோல் திருப்பி அனுப்பவும் செய்கின்றன என்பதை ஃபாஸ்டர், ஸ்மித் என்ற இருவர் 1980-இல் எடுத்துக் காட்டினர்; நான்கு வருஷம் கழித்து, ஃபாஸ்டரும் அவருடைய கூட்டத்தாரும் அங்கே வெளிச்சத்தைக் கிரகிக்கும் வஸ்து ரொடாப்சின் இனம் என்று நிரூபித்தனர். ரொடாப்சின்தான் நம் விழித்திரையில் உள்ளதும். ஏ வைட்டமின் குறைந்தால் மாலைக்கண் வருவது அதனால்தான்.

2002-இலும் 2003-இலும் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்களான நாகெல், ஹெகெமான் முதலியோர், அந்தப் பாசி ரொடாப்சின் வெறுமனே வெளிச்சத்தைக் கிரகிப்பதோடு நிற்காமல், தானே ஒரு மதகாகவும் இருந்து, வெளிச்சம் பட்டவுடன் திறந்து மின்னேற்றம் பெற்ற அணுக்களை உள்ளே விடுகிறது என்று கண்டனர். நம் கண்ணில் பார்ப்பவர் ஒருவர், செய்தி கொண்டுபோகிறவர் வேறு ஒருவர், கதவைத் திறக்கிறவர் இன்னொருவர். பாசியில் மூவரும் ஒருவரே. இரண்டாவது கட்டுரையை எழுதினோருள் பிற்பாடு டில்லியில் பேராசிரியரான சுனில் கடேரியாவும் ஒருவர். யூக்ளீனாவின் இரகசியமும் 2002-இலேயே ஜப்பானில் வெளிப்பட்டது: அதன் சாட்டையின் அடிப்புடைப்பில், எங்கெல்மான் காட்டிய இடத்திலேயே, பார்க்கும் வஸ்து இருக்கிறது, அது ரொடாப்சின் அன்று, பி2 வைட்டமினின் உறவுப்பொருளைத் தாங்கிய வேறொரு புரதம். ஒரே குளத்தில், ஒரே படித்துறையோரம், இரண்டு ஜாதிக் கண்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, தட்டி வைத்துக்கொள்ளும் யுக்தி மட்டும் பொது.

அந்த மதகைப் பிற்காலத்தில் வைத்தியர்கள் கடன் வாங்கினார்கள். கிளாமிடோமோனஸ் இனத்து மற்றொரு பாசியின் மதகை, மரபணு வழியாக, நாற்பது வருஷத்துக்கு முன் நோய் கண்டறியப்பட்டுப் பார்வை இழந்திருந்த ஒருவருடைய விழித்திரையில் ஏற்றி, அதற்கென்று செய்த மூக்குக்கண்ணாடியையும் அணிவித்ததில், மேசைமேல் இருந்த நோட்டுப்புத்தகத்தை அவர் கண்டு தொட்டார் என்னும் செய்தி 2021-இல் வெளியாயிற்று.

இதற்குள் நம் குளங்கள் என்னவாயின என்பதைச் சொல்ல அதிக நேரம் வேண்டாம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி களியக்காவிளைப் பக்கத்து விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. தமிழர் கேட்ட தாலுகாக்களுள் ஒன்றான நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1958-இல் நெய்யாற்றில் அணை எழுந்து, கால்வாய் எல்லை கடந்து விளவங்கோட்டுக்கும் சென்றது. பின்னர் அந்த வெள்ளத்தைக் குறித்தே இரு அரசுகளும் வழக்காடின. கால்வாய் வந்தபோது குளத்தின் மதிப்பு பாதி குறைந்தது. கிணற்றில் மோட்டார் வைத்தபோது மீதியில் பாதி. குழாய் வந்தபோது இருந்ததும் போயிற்று. ஏலாவில் வாழையும், மேட்டில் ரப்பரும், தூர்ந்த குளத்தில் வீடும் வந்தன. சில குளங்களுக்கு அரசாங்கம் கருங்கல் சுவர் கட்டிக் கம்பி வேலியும் போட்டிருக்கிறது. அவற்றில் இறங்குகிறவர் இல்லாததால் பாசியைத் தேய்ப்பவரும் இல்லை. வால்வாக்ஸுக்கு இது நற்காலமோ என்னவோ.

அப்படி வேலி போடாத குளம் ஒன்று எங்கள் மாமியின் வீட்டுக்குப் பின்னால், எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஒரு மாசி மாதத்துக் காலையில் அதிலிருந்து பச்சை வெள்ளம் ஒரு கண்ணாடித் தம்ளர் நிறைய மொண்டு வந்து, அடுக்களை ஜன்னல் திண்டில், நேர் வெயில் படாத இடத்தில் வைத்தேன்.

“என்ன மக்களே, நல்ல வெள்ளம் கிணத்துல கெடக்க, இந்தப் பாயல் வெள்ளத்த எதுக்குக் கோரிட்டு வந்தே?” என்றாள் மாமி.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கச் சொன்னேன். மரச்சீனி வெந்து இறக்குவதற்குள், தம்ளரின் ஜன்னல் பக்கத்துச் சுவரில் மாத்திரம், மயிரிழை அகலத்துக்குக் கரும்பச்சையாய் ஒரு கோடு நின்றது. மற்ற வெள்ளம் ஏறக்குறையத் தெளிந்துவிட்டது. மாமி ஒன்றும் பேசாமல் கிட்டே வந்து, தம்ளரை மெல்ல அரைச்சுற்றுத் திருப்பி வைத்துவிட்டு, சம்மந்தி அரைக்கப் போனாள். அரைத்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து குனிந்து பார்த்தாள்.

“பின்னயும் இந்தப் பக்கமே வந்துட்டே!”

இன்னொரு தடவையும் திருப்பி வைத்தாள். மத்தியானம் வரையில் நாலைந்து தடவை திருப்பியிருப்பாள். அந்தத் தம்ளரை அதன் பிறகு அவள் காப்பிக்கு எடுக்கவில்லை. சாம்பலிட்டுத் தேய்த்து, பல் விளக்குவதற்கென்று புறவாசலில் கவிழ்த்து வைத்துவிட்டாள்.